இலிசோனி கேட்ட உத்தரவு

ரெயாபியைப் பட்டாளத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அவளுடைய அண்ணன் இலிசோனி மலைத்தோட்டத்தில், வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனாச் செடியைச் சுற்றி மண்ணை நெம்பிக்கொண்டிருந்தான். செய்தியைக் கொண்டுவந்தவன் சவேனாகா, தாய்மாமன் மகன். அந்தத் தீவில் மச்சான் முறை என்றால் வாயில் வந்ததைப் பேசலாம், எதிராளி கோபித்துக்கொள்ளக் கூடாது. சவேனாகா முறை இல்லாதவர்களிடமும் அப்படித்தான் பேசுவான் என்பது வேறு விஷயம்.

"மச்சான், கடப்பாரயக் கீழ வையி."

"எதுக்கு?"

"வையின்னா வையி. கையில இரும்போட நிக்கறவங்கிட்ட இதச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

இலிசோனி வைக்கவில்லை. சவேனாகா நாலடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தான். மேடு ஏறி வந்ததில் அவனுக்கு மூச்சு இரைத்தது. தென்கிழக்குக் காற்று நின்றுபோய் நாலு நாளாகப் புழுக்கம். புல்லின் நுனிகூட அசையவில்லை.

"ஒன் தங்கச்சிக்கு சுவாவுலேருந்து போன் வந்துச்சு. எடுத்துட்டாங்களாம். பிரிட்டிஷ் பட்டாளம். வர்ற திங்கக்கெழம படகுல கெளம்பணும்."

"நல்லது" என்றான் இலிசோனி.

மறுபடி கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். மண்ணில் இறங்க வேண்டியது நேராக வேரில் இறங்கியது. ஐந்து வருஷத்துச் செடி, தொடை மொத்தம் இருந்த அடிக்கிழங்கு இரண்டாகப் பிளந்தது.

"அந்தச் செடி ஒன்ன என்னடா பண்ணுச்சு, பாவம்" என்றான் சவேனாகா.

கண்டாவுத் தீவின் தென்கரையில் நாலோதி என்கிற அந்த ஊரில் முப்பது வீடு இருக்கிறது. அதில் பதினாறு வீட்டுச் சுவரில் பட்டாளத்து உடுப்பில் யாராவது ஒருவன் விறைத்துக்கொண்டு படத்தில் நிற்கிறான். ஆள் உயிரோடு இருந்தாலும் படத்துக்குக் காகிதப்பூ மாலை உண்டு, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு உண்டு, வருகிறவர்களை அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்காரவைப்பார்கள். தோரிகா வீட்டுச் சுவரில் மட்டும் வெறும் ஆணி இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மகன் இலிசோனி பட்டாளத் தேர்வுக்காகத் தலைநகர் சுவாவுக்குப் படகேறிய அன்றே, வரட்டும் பார்க்கலாம் என்று பொறுக்காமல் அவளே ஒரு கல்லை எடுத்து அடித்து வைத்த ஆணி. மகன் தேறாமல் வந்தான். ஆணியைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. அதில் ஒரு தொப்பியை மாட்டலாம் என்று மருமகள் மெரேவாலேசி ஒருமுறை போனபோது தோரிகா பார்த்த பார்வையில் தொப்பி தரைக்கு வந்துவிட்டது.

தேறாததற்குக் காரணம் ஓட்டம் இல்லை. ஓட்டத்தில் அவன்தான் முதல், பாரம் இழுப்பதிலும் முதல். கூட வந்தவர்கள் நாக்குத் தள்ளிக் கிடந்தபோது இவன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அவனுடைய வலது காதுக்குள் சின்ன விளக்கை அடித்துப் பார்த்தார். மூன்று நொடிதான். சவ்வில் ஓட்டை, நீ போகலாம் என்றுவிட்டார். கடலட்டை எடுக்கப் போகும் காலத்தில், காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு மற்றவர்களைவிட இரண்டாள் ஆழம் கூடுதலாக இறங்குவேன் என்று வீம்பு பிடித்து இறங்கியவன் அவன். ஒருநாள் காதுக்குள் பட்டென்று எதுவோ விட்டுப்போனது. இரண்டு நாள் தலை சுற்றியது, பிறகு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர்தான் சொன்னார், அதுவும் ஆங்கிலத்தில்.

அதன் பிறகு ஊரிலிருந்து ஐந்து பேர் போனார்கள். ஐந்து பேருக்கும் இலிசோனி வழியனுப்பு விருந்தின் மண்ணடுப்புக்கு விறகு பிளந்தான், பன்றி பிடித்தான், படகு வரைக்கும் மூட்டை தூக்கினான். அப்போதும் பொறாமை வந்தது. ஆனால் அதெல்லாம் சில்லறைப் பொறாமை. இரண்டு கிண்ணம் யங்கோனா கூடக் குடித்தால் அடங்கிவிடும். அவனுக்கென்ன, மாமன் சுவாவில் இருக்கிறான், ஆள் தெரியும் என்று நாலு வார்த்தை முணுமுணுத்தால் தீர்ந்துவிடும். கூடப்பிறந்தவள் மேல் வந்த பொறாமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவளுக்கும் அதே மாமன்தான், அதே சோறுதான், அதே வயிற்றில்தான் பிறந்தாள்.

அதிலும் கொடுமை, அவள் ஓடிப் பழகியதே அவனுக்குத் தெரியாது. ஊர் மொத்தத்துக்கும் தெரியும். இவன் மலைக்கு ஏறியதும் அவள் கடல் வற்றிய கரையில் வெறுங்காலோடு அலையாத்தி மரங்கள் வரை ஓடித் திரும்புவாளாம். அந்த ஊரில் அண்ணனும் தங்கையும் வயசுக்கு வந்த பிறகு முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒருவர் பொருளை ஒருவர் தொடுவதில்லை. அண்ணன் காதுபட அவன் தங்கையின் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் பேசிவிட முடியாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறாள் ஒங்க ரெயாபி என்று அவனிடம் போய் எவன் சொல்வான்? சவேனாகாகூட அந்த ஒரு விஷயத்தில் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

அன்று சாயங்காலம் இலிசோனி வீட்டுக்கு வந்தபோது அம்மா தாழம்பாயை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். எந்நாளும் இல்லாத சுறுசுறுப்பு. சேப்பங்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேம்பிலையும், சுட்ட மீனும் இருந்தன. ரெயாபி சமையல் குடிசை வாசலில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"சாப்புடு" என்றாள் தோரிகா. "கேள்விப்பட்டியா?"

"கேள்விப்பட்டேன்."

"சந்தோஷம்தானே?"

"மீனுக்கு உப்பு பத்தலை."

மெரேவாலேசி உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். அவள் சிரிப்பை அடக்கியது அவனுக்குத் தெரிந்தது.

"அப்பா இருந்தா அப்பா கேட்டிருப்பாரு" என்றாள் தோரிகா. "இப்ப நீதான் கேக்கணும். நல்ல வேரா ஒண்ணு பாத்து எடுத்துட்டுப் போயி, தலைவருகிட்ட ஒன் தங்கச்சிக்கு உத்தரவு வாங்கிக் குடு. சனிக்கெழம விருந்து. அதுக்கு முன்னால கேட்டுடணும்."

இலிசோனி மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். கடல் தாண்டிப் போகிறவர்கள் தலைவரின் உத்தரவு இல்லாமல் நாலோதியை விட்டு நகர்வதில்லை. வீட்டின் மூத்த ஆண்பிள்ளை யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காமல் போனவன் ஒருவன் பெட்டியில் திரும்பிவந்தான். அந்தப் பெட்டியைத் தூக்கியவர்களில் இலிசோனியும் ஒருவன்.

"அவளுக்கு நெசமாவே போக இஷ்டமான்னு கேளு" என்றான்.

தோரிகா மூன்று கை தூரத்தில் இருந்த மகள் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு இஷ்டமான்னு அண்ணன் கேக்குறான்."

"இஷ்டம்தான்னு சொல்லுங்கம்மா" என்றது முதுகு.

"இஷ்டமாம்."

"குளிரு தாங்குவாளான்னு கேளு. பனி கொட்டும். பொண்ணுன்னு பாக்க மாட்டானுங்க. துப்பாக்கியத் தூக்கிக்கிட்டுச் சேத்துல பொரளணும்."

"இங்க மட்டும் என்னத்துல பொரளுறேனாம்? மலையிலேருந்து மூட்ட எறக்குறது யாராம்? அதையும் கேளுங்கம்மா."

தோரிகா அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லார் காதிலும் விழுந்துவிட்டது, அவனுடைய ஓட்டைக் காதிலும்.

செவ்வாய்க்கிழமை இலிசோனி வேர் தேடப் போனான். தோட்டத்தின் மேல்வரிசையில் எட்டு வருஷத்துச் செடி ஒன்று நின்றது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, கணு கணுவாய்க் கறுத்து, அடியில் தூண்போல வேர் இறங்கியது. அவன் பட்டாளத்துக்குப் போகும்போது தலைவருக்கு வைக்க வேண்டும் என்று நட்டது. அதைச் சுற்றிக் களை பிடுங்கிவிட்டுத் தொடாமல் இறங்கிவந்தான். பழுத்த செடியே இல்லை என்று அம்மாவிடம் சொன்னான். புதன்கிழமை மழை. மழையில் பிடுங்கிய வேரை வைப்பது மரியாதை இல்லை என்றான். வியாழக்கிழமை தலைவருக்குச் சளி என்றான். சளி இருந்தது உண்மைதான், ஆனால் அந்தச் சளி பத்து வருஷமாக இருக்கிறது.

அந்த வியாழக்கிழமைதான் அவன் வீட்டுக்குள் நுழையும்போது தோரிகா முக்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து கீழே கையால் சாண் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அளக்கறே?"

"படம் வரும்ல. எவ்வளவு பெருசு போடலாம்னு பாத்தேன்."

"அது என் ஆணி."

அவன் அப்படிச் சொல்ல நினைக்கவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. முப்பது வயது ஆள், கல்யாணம் ஆனவன், மிட்டாய்க்கு அடித்துக்கொள்ளும் பிள்ளை மாதிரி நின்றான். தோரிகா முக்காலியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு ஆணி அடிச்சுக்கறேன்ப்பா" என்றாள்.

வெளியே வந்ததும் மெரேவாலேசி பிடித்துக்கொண்டாள். அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவள் பிழிந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது.

"ஒன் மூஞ்சிய ஒருதடவ கண்ணாடியில பாத்தியா? வேகாத மரவள்ளி மாதிரி இருக்கு."

"எனக்கென்ன, தலைவலி."

"தலைவலி இல்ல, வயித்தெரிச்சல். ஊர்ல எல்லாரும் பேசறாங்க. வேரு பழுக்கலையாம், மழையாம், சளியாம். ஒன் தங்கச்சி பாஸ் பண்ணிட்டா, நீ பண்ணல. அதுக்கு அவ என்ன செய்வா? ஒங் காத அவளா ஓட்ட போட்டா?"

"வாய மூடு."

"மூடுறேன். நாளைக்குள்ள நீ போய்க் கேக்கலன்னா நானே வேரத் தூக்கிட்டு வாசல்ல போயி நிப்பேன். ஆம்பள வீட்ல தூங்குறாருன்னு சொல்லுவேன். செய்வேனா மாட்டேனா?"

செய்வாள். அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் மூன்று வருஷத்துச் சின்ன வேர் ஒன்றைக் கட்டி எடுத்துக்கொண்டு சவேனாகாவோடு தலைவர் வீட்டுக்குப் போனான். கீழ்வாசல் வழியே நுழைந்து, குனிந்து நடந்து, கடைசிப் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். மேல்பக்கம் தலைவர் ராது மெலி சாய்ந்திருந்தார். அவருக்காகப் பேசுகிற பெனாயா பக்கத்தில் இருந்தார். ஊர் ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம். வெளியே, பின்வாசல் பக்கம், தோரிகாவும் மற்றப் பெண்களும் ஈரப்பலா உரித்துக்கொண்டு காதைத் தீட்டியிருந்தார்கள். ரெயாபியும் அங்கேதான்.

இலிசோனி வேரை முன்னால் வைத்துக் கைகளைக் குழித்துத் தட்டினான். பேசத் தொடங்கினான்.

இந்தப் பேச்சு அவனுக்குப் புதிது இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இரண்டு மாதம் மலையில் செடிகளுக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகியது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் எல்லாம் அத்துப்படி. சொல்ல வாய்ப்புத்தான் வரவில்லை. இப்போது முதல் வாக்கியம் வந்ததுமே அடுத்தது தானாக வந்தது.

"இந்த வீட்டின் மதிப்புக்கு முன்னால், தலைவரின் காலடிக்கு முன்னால் வருகிறேன். கொண்டுவந்தது சின்ன வேர், காட்ட வெட்கமான வேர். உங்கள் மண்ணில் பிறந்த பிள்ளை ஒன்று கடல் தாண்டிப் பட்டாளத்துக்குப் போகிறது. உங்கள் பெயரைக் கெடுக்காமல் நடக்கும். உங்கள் வார்த்தை முன்னால் போகட்டும், அது பின்னால் போகும். உங்கள் பிள்ளை இலிசோனிக்கு உத்தரவு கொடுங்கள்."

பேச்சு அருமையாக இருந்தது. அருமையாக இருந்ததால்தான் வினை. பெனாயா கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தவர், அதே ஓட்டத்தில் கையை நீட்டி வேரைத் தொட்டு, "ஏற்றுக்கொண்டோம், இலிசோனி போய் வரட்டும், அவன் கால் படுகிற மண் அவனுக்கு நல்லதாக இருக்கட்டும்" என்று முடித்துக் கையைத் தட்டிவிட்டார். சுற்றியிருந்தவர்களும் தட்டினார்கள். தட்டிய கைகள் பாதியில் நின்றன.

"யாரு போய் வரட்டும்?" என்றார் தலைவர்.

சவேனாகாதான் முதலில் சிரித்தான். பிறகு சுவரோரம் இரண்டு பேர். வெளியே ஈரப்பலா உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"வாய் தவறிடுச்சு" என்றான் இலிசோனி. காது இரண்டும் எரிந்தன. "தங்கச்சிக்குத்தான். நான் மறுபடி சொல்லிடறேன்."

"மறுபடி எப்பிடிச் சொல்லுவே?" பெனாயாவுக்குத் தன்மேலேயே கோபம், அதை இவன்மேல் காட்டினார். "வேரு ஏத்தாச்சு. உத்தரவு குடுத்தாச்சு. குடுத்தத எடுத்துக்க முடியுமா? எனக்குத் தெரிஞ்சு முடியாது. உத்தரவு வாங்கினவன் ஊரவிட்டுப் போகணும். நாலு ராத்திரி வெளிய தங்கணும். அதுக்கப்புறம் வந்து, திரும்பி வந்துட்டேன்னு வேரு வைக்கணும். அதுக்கப்புறந்தான் நீ இந்த ஊரு ஆளு."

"நாலு ராத்திரின்னா செவ்வா" என்றான் யாரோ.

"படகு திங்கக்கெழம."

"வேற யாராச்சும் அந்தப் பொண்ணுக்குக் கேக்கலாமே?"

"யாரு இருக்கா? அவங்கப்பா வழியில ஆம்பள இவன் ஒருத்தந்தான். இவனும் இப்ப ஊர்ல இல்ல" என்றார் பெனாயா, எதிரில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டே.

யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாக இலிசோனி பக்கம் திரும்பியது. வேர் பழுக்கவில்லை, மழை, சளி எல்லாம் அவர்களுக்கு நினைவிருந்தது. வேண்டுமென்றே செய்தான் என்று ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பின்வாசலில் தோரிகா அழத் தொடங்கினாள்.

ஊர் எல்லைக்கு வெளியே தங்குவதென்றால் மலைத்தோட்டத்துக் குடிசைதான். சனிக்கிழமை விடிந்து வெயில் ஏறிய பிறகு மெரேவாலேசி கூடையில் சோறு கொண்டுவந்தாள். சோறு என்றால் குளிர்ந்த மரவள்ளியும் டின் மீனும். விருந்துக்கு வெட்ட வேண்டிய பன்றியை யாரும் வெட்டவில்லை. துணைக்குத் தங்கியிருந்த சவேனாகா டின்னைத் திறந்தான்.

"ராஜா எப்பிடி இருக்காரு?" என்றாள்.

"பட்டாளத்துல சேந்ததுலேருந்து ரொம்ப முறுக்கா இருக்காரு" என்றான் சவேனாகா. "காலையில நாந்தான் சல்யூட் அடிச்சு எழுப்பினேன்."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் சவேனாகாவுக்கு விஷயம் பெரிசு என்று உறைத்தது.

"அத்த ராத்திரி முச்சூடும் தூங்கல. ஒன் தங்கச்சி கட்டின பைய அவுத்துட்டா. துணியெல்லாம் பழையபடி பெட்டியில மடிச்சு வச்சுட்டா. உத்தரவு இல்லாமப் போக மாட்டேங்கறா. படகு போச்சுன்னா போச்சு, அந்தத் தேதிக்கு வரலன்னா அவனுங்க வேற ஆள எடுத்துக்குவானுங்களாம்." அவள் கூடையை மூடினாள். "ஒங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னா. நான் போகக்கூடாதுன்னு அண்ணன் நெனக்கிறாரா? ஆமான்னா ஆமான்னு சொல்லட்டும். நான் நிக்கிறேன். கோவமே படமாட்டேன். இப்பிடித்தான் கேட்டா. அழலகூட."

இலிசோனி மரவள்ளியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஆமா என்று சொன்னால் போதும். இதோ இந்த ஒரு வார்த்தையை மெரேவாலேசி மலையிலிருந்து எடுத்துக்கொண்டு இறங்குவாள். ரெயாபி நாளையிலிருந்து மறுபடி மூட்டை சுமப்பாள், சட்டி சுரண்டுவாள், வருஷம் போனால் யாரையாவது கட்டிக்கொண்டு போவாள். சுவரில் ஆணி ஆணியாகவே இருக்கும். அந்த நினைப்பு அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று கண்டபோது மரவள்ளியைக் கீழே வைத்துவிட்டான்.

"வேற வழி இல்லையாமா?" என்றான்.

"பெனாயாகிட்ட நானே போய்க் கேட்டேன். வாய் தவறினது தவறினதுதானாம், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாம். குத்தம்னா வழி இருக்காம். குத்தம் பண்ணினவன் வேரு வச்சு மன்னிப்புக் கேட்டா, அவங்க ஏத்துக்கிட்டா, அந்தக் குத்தத்த மண்ணுல பொதச்ச மாதிரி. அந்த உத்தரவும் அதோட போயிடும். ஆனா குத்தம்னு நீ சொல்லணும். தெரிஞ்சே செஞ்சேன்னு. ஏன் செஞ்சேன்னும் சொல்லணும், எல்லாருக்கும் முன்னால."

"நான் தெரிஞ்சு செய்யலடி. சத்தியமா. நாக்கு பழகின பக்கம் போயிடுச்சு."

"அப்ப செவ்வாக்கெழம வா" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

சவேனாகா டின்னை வழித்து நக்கிக்கொண்டிருந்தான். அதைக் கீழே வைத்துவிட்டு இலிசோனியைப் பார்த்தான்.

"மச்சான், நெசத்தச் சொல்லு. வெளையாட்டு இல்ல. தெரிஞ்சா செஞ்சே?"

"தெரியலடா."

"அது என்ன பதிலு?"

"அந்தப் பேச்ச ஆரம்பிச்சப்ப நல்லா இருந்துச்சு. ஏழு வருஷத்துல அவ்வளவு நல்லா இருந்ததே இல்ல. கடைசியில அவ பேரச் சொல்லணும்னு எங்கயோ நெனப்பு இருந்துச்சு. ஆனா சொன்னா அந்தப் பேச்சு அவளோடதா ஆயிடும்ல."

இலிசோனி எழுந்து கடப்பாரையை எடுத்தான்; சவேனாகா கேலி பண்ணாமல் கூடப் போனான். அவன் கேலி பண்ணாத சந்தர்ப்பங்களை ஊரில் விரல்விட்டு எண்ணலாம்.

மேல்வரிசைச் செடியைத் தோண்ட இரண்டு பேருக்கும் மதியம் வரை ஆனது. எட்டு வருஷத்து வேர் பாறைக்கடியில் புகுந்திருந்தது. சவேனாகா ஒருபக்கம் கடப்பாரையால் நெம்ப, இலிசோனி மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரினான். மெல்லிய வேர்களில்தான் வீரியம், ஒன்றும் அறுந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பிடித்து விடுவித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. அவளுக்காகவா இத்தனை பெரிய வேர் என்று உள்ளே ஒன்று கணக்குப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. வேர் மேலே வந்தபோது இரண்டு பேரும் அப்படியே மல்லாந்து விழுந்தார்கள். கம்பில் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

ஊர் எல்லையில் இலிசோனி நின்றான். குற்றவாளியாக வருகிறவன் நுழையலாம். சவேனாகா முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

தலைவர் வீட்டில் நேற்றைவிடக் கூட்டம். இலிசோனி வாசல் படியிலேயே முழங்காலிட்டு, வேரை முன்னால் தள்ளிவைத்துத் தலையைத் தாழ்த்தினான். அழகாகப் பேச எதுவும் வரவில்லை. அலங்காரப் பேச்சு எல்லாம் நேற்றே செலவாகிவிட்டது.

"நேத்து நான் தெரிஞ்சே செஞ்சேன்" என்றான்.

கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது.

"எதுக்குச் செஞ்சே?" என்றார் பெனாயா.

"பொறாம."

"யாரு மேல?"

"என் தங்கச்சி மேல. ரெயாபி மேல." அவள் வயசுக்கு வந்த பிறகு இந்தப் பதினொரு வருஷத்தில் அவள் பெயரை அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்வாசல் பக்கம் பாத்திரம் ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. "அவ தேறினதா சேதி வந்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. வேரு பழுக்கலன்னு சொன்னது பொய். மழன்னு சொன்னது சாக்கு. அவளுக்கு ஒரு சின்ன வேரா எடுத்துட்டு வந்தேன். கடைசியில அவ பேருக்குப் பதிலா எம் பேரச் சொன்னேன். அவ போகக்கூடாது. நான் போகாத எடத்துக்கு அவ போகக்கூடாதுன்னு."

வாய் தவறியது என்று காலையில் சத்தியம் செய்தவன்தான். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல, பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அவனுக்கு வரவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாதது அவனை உலுக்கியது.

பெனாயா வேரின் பக்கம் கையைக் கொண்டுபோனார். தலைவர் தடுத்தார். ராது மெலி நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, பத்து வருஷத்துச் சளியை விழுங்கினார்.

"பொதைக்கறதுன்னா முழுசாப் பொதைக்கணும். பாதி வெளிய நீட்டிக்கிட்டிருந்தா நாறும்" என்றார். "கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அந்தப் பொறாம போயிடுச்சா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பெனாயா கண்ணாலேயே ஆமா என்று சொல்லிக்கொடுத்தார். சுவரோரம் சவேனாகா தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஆமா என்றால் முடிந்தது, வேர் ஏற்கப்பட்டுவிடும். ரெயாபி திங்கட்கிழமை படகேறுவாள்.

"போகல" என்றான் இலிசோனி.

"என்னது?"

"போகலைங்க, தலைவரே. இப்பக்கூட இருக்கு. வேரத் தோண்டறப்பவும் இருந்துச்சு. திங்கக்கெழம அவ படகுல ஏறி உக்காரறப்ப அந்த எடத்துல நான் இருக்கணும்னுதான் தோணும். அம்மா அவ படத்த மாட்டறப்ப எனக்கு எரியும். எனக்குத் தெரியும். போயிடுச்சுன்னு சொன்னா இன்னொரு பொய்யாப் போயிடும்." அவன் மூச்சை இழுத்தான். "அது போற வரைக்கும் அவள நிக்க வைக்காதீங்க. அது போகவே போகாது. அவ போகட்டும்."

தலைவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு பெனாயாவுக்கு விடாமல் தானே முன்னால் சாய்ந்து, மண் ஒட்டிய அந்த வேரின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"ஏத்துக்கிட்டோம்" என்றார். "நேத்து சொன்னதெல்லாம் மண்ணுக்குள்ள போச்சு. இப்ப கேளு."

இலிசோனி கைகளைத் தட்டினான். வரவேண்டிய வார்த்தைகள் வரவில்லை. இரண்டாவது தடவையும் தட்டிவிட்டு அப்படியே இருந்தான். அப்போது பின்வாசல் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ரெயாபியின் குரல் கேட்டது. அம்மாவிடமோ மதினியிடமோ சொல்லிவிடவில்லை. நேராக அவனிடம்தான்.

"அண்ணா, கேளுங்க" என்றது குரல்.

அவன் கேட்டான்.